ஏல எழுத்து

புத்தூர், 9-11-1959

காலையில் கோர்ட் ஏல நோட்டீஸ் ஒன்று அச்சுக் கோத்தேன். எப்போதும்போல அந்தப் பட்டைக்கால் இங்கிலீஷ் எழுத்துதான். கோடெல்லாம் ஒரே தடிமன், ஒவ்வொன்றுக்கும் செங்கல் வைத்தாற்போல் சதுரமான அடி. மட்டக் காகிதத்திலும் பளிச்சென்று விழும், தெருக்கோடியிலிருந்தே தெரியும். இங்கிலீஷ் படிக்காதவர்கள்கூட அந்த உருவத்தைப் பார்த்தே ஏலம் என்று சொல்லிவிடுவார்கள்.

மத்தியானம் எனக்கு நிச்சயித்திருந்த சம்பத்தின் அம்மா ரத்தினம்மா வந்தாள். கல்யாணம் வேண்டாமாம். நிச்சயத்துக்குக் கொடுத்த மாம்பழ நிறப் பட்டுச்சேலையைத் திருப்பிக் கேட்டாள்.

"உங்க நெலம் திருத்தணியாண்ட. எல்லை பிரிக்கிறப்போ மெட்ராஸ் ராஜ்யத்தோட போகுதாமே, நாம ஆந்திராவுலதான். அத்த வெச்சிக்கினு எம்புள்ள இன்னா பண்ணுவான்?"

நைனா பெட்டிச் சாவியை என்னிடம் நீட்டினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒருமுறை கட்டிய சேலை — அதைக்கூடவா?

12-11-1959

என் கல்யாணப் பத்திரிகைக்கென்று வரவழைத்த மெல்லிய சாய்வெழுத்தைப் பெட்டியோடு மூடினேன். அவனை விடமாட்டேன்.

7-1-1960

சம்பத்தே எங்கள் அச்சகத்துக்கு வந்தான். ஊரில் வேறு அச்சகம் ஏது? ஜவுளிக்கடை திறக்கிறானாம், நோட்டீஸ் வேண்டுமாம்.

"தமிழ்ல போட்டா அவுங்க கிழிக்கிறாங்க, தெலுங்குல போட்டா நம்மாளுங்க கிழிக்கிறாங்க. இங்கிலீஷ்ல போடு தாட்சாயணி. தூரத்துலயே தெரியணும்."

தெரியணுமா? தெரியும்படியே செய்கிறேன். பட்டைக்கால் எழுத்தில் கோத்தேன். மெட்ராஸில் படித்தவன், வாசகத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு, "ஜோரா இருக்குது" என்றான்.

21-1-1960

கடை திறப்பு. பக்கத்து வீட்டு ஜெயம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நோட்டீஸப் பாத்துட்டு, கடை ஏலத்துக்கு வந்துட்ச்சின்னு நகரி நெசவுக்காரங்க அல்லாரும் விடிகாலையிலயே வந்து, நம்பிக் குடுத்த சரக்கை வாரிக்கினு போறாங்க! அவன் தொறப்பு விழா, தொறப்பு விழான்னு கத்திக்கினு நிக்கிறான். ஒருத்தர் கேக்கல. உன் நிச்சயச் சேலைதான் கண்ணாடிப் பொட்டியில தொங்குது."

விற்பனைக்கு வைத்திருக்கிறானா! பாவி. இதோடு விட நினைத்திருந்தேன்.

22-1-1960

இன்று சோறு ருசித்தது.

1-4-1960

எங்கள் நிலம் மெட்ராஸோடு போய்விட்டது. நைனா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கிணறு அதே இடத்தில்தான் இருக்கிறதாம்.

8-8-1960

கோர்ட் அமீனா ஏல நோட்டீஸ் கொண்டுவந்தார். சம்பத்தின் கடை! அன்றைக்குப் பிறகு நெசவுக்காரர்கள் யாரும் அவனுக்குச் சரக்குக் கொடுக்கவில்லை.

கை தானாகப் பட்டைக்கால் எழுத்துக்குப் போனது. நிறுத்திக்கொண்டேன். மூடிவைத்த பெட்டியைத் திறந்து, சாய்வெழுத்தில் கோத்தேன்.

"இன்னாம்மா, கல்யாணப் பத்திரிகையாட்டம் இருக்குது?" என்றார் அமீனா.

"அழகாத்தான் இருக்கட்டுமே" என்றேன்.

20-8-1960

யாரோ வீட்டுக் கல்யாணம் என்று ஊரே சுவரில் ஒட்டிய நோட்டீஸைத் தாண்டிப் போய்விட்டது. ஏலத்துக்கு வந்தது நானும் நைனாவும்தான். அமீனா கூவிக் கூவிப் பார்த்தார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். சேலை, கேட்ட விலைக்கு விழுந்தது.

சம்பத் தூணோடு நின்றிருந்தான். "கட்டிக்கோ, உனக்கு நல்லா இருக்கும்" என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது.

21-8-1960

சேலையை நாலாகக் கிழித்தேன். பட்டு, மையை அவ்வளவாக உறிஞ்சவில்லை. பட்டைக்கால் எழுத்தைத் துடைக்க இது போதும்.