எதிர்வாசல் வரலாற்றில் விடுபட்ட பேர்

விருத்தாசலம்,
10.9.2025

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மூட்டுவலி உட்பட இங்கே சுகம், டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் ‘எதிர்வாசல்’ இணைய இதழுக்குப் பத்து வருடம் ஆனதற்கு நீ எழுதிய வரலாற்றை இரண்டு தடவை படித்தேன். பெண்கள் பத்திரிகை என்றால் கோலமும் கொழுக்கட்டையும்தானே என்று ஊரில் ஒரு பெரியவர் கேட்டதாக எழுதியிருக்கிறாய், என் பேரைப் போடாமல் விட்டதற்கு நன்றி. ஆனால் போட வேண்டிய பேரையும் விட்டுவிட்டாயே. முதல் வருடம் எழுத ஆள் கிடைக்காமல் அம்மாவுக்குப் போன் செய்து இதழில் போட ஊர்ப்பாட்டு கேட்பாய், அவள் பீங்கான் பட்டறையில் கொலு பொம்மைக்கு வர்ணம் தீட்டிக்கொண்டே பக்கத்தில் இருக்கும் கமலத்திடம் போனை நீட்டுவாள். கமலம் பாடிய சம்பந்தி கேலிப் பாட்டு வந்த பிறகுதான் உன் இதழை நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதை ‘விருத்தாசலத்தில் ஒரு பெண் பாடியது’ என்று போட்டாய், இப்போது வரலாற்றிலும் அப்படியே.

ஆவணி பதிமூன்றாம் தேதி பெண்ணாடத்தில் ஒரு கல்யாணம். நலங்கில் சின்னப் பெண்கள் போனைப் பார்த்து அந்தப் பாட்டையே பாடியிருக்கிறார்கள். கமலம் ஒரு அடியைத் திருத்தப் போனதற்கு, “ஆயா, இது நெட்டுல வந்த பாட்டு, ஒனக்குத் தெரியாது” என்றார்களாம். “அடியே, எங்க நாத்தனா கல்யாணத்துக்கு நான் கட்டுனதுடி” என்று இவள் சொல்ல, போனைக் காட்டி, பேரு எங்க இருக்குது என்று கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பட்டறையில் இதைச் சொல்லும்போது கமலம் அழுதுவிட்டாளாம். அன்றிலிருந்து அம்மா உன் போனை எடுக்காததற்குப் பல்வலி காரணம் இல்லை, பல் முறுக்கே கடிக்கிறது.

அழுகையோடு நிற்கிறவளா கமலம்? மத்தியானமே உன் மேல் ஒரு பாட்டு கட்டிவிட்டாள்:

கடல்தாண்டிப் போனாளாம் கண்ணம்மா பெத்த பொண்ணு
கமலம் பாட்ட வித்தாளாம் கம்ப்யூட்டரு சந்தையில

பட்டறை முழுக்க இதே பாட்டுத்தான், டீக்கடை மாயவன் என்னைக் கண்டாலே விசிலடிக்கிறான். நேற்று அவள் வீட்டுக்கே போய்ப் பேசினேன். “நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. எம் பேத்தி தேடுனா எம் பேரு வரணும். வரலன்னா கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிடுவேன்” என்றாள். சாமியிடம் புகார் எழுதிக் கட்டிவிட்டால் அப்புறம் வாய்தா கிடையாது, நானே அவளுக்குச் சாட்சி சொல்லிவிடுவேன். ஆனாலும் டீ கொடுத்தாள், “புள்ள எளச்சிப் போயிட்டாளாமே” என்றும் கேட்டாள்.

ஆகவே மகளே, ‘பாட்டு கட்டியவர் கமலம், விருத்தாசலம்’ என்று வரலாற்றிலும் பாட்டுக்கு மேலேயும் போடு. போட்டுவிட்டு எனக்கு அல்ல, அவளுக்குப் போன் செய். திட்டுவாள், வாங்கிக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி, இரவில் தயிர் வேண்டாம். பழமலைநாதர் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, கமலம் வீட்டில்தான் இருப்பாள். நீளமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காதே, அவளைப் பாட விடு.

உன் அப்பா,
கோதண்டபாணி