மதிலுக்கு அந்தப் பக்கம்

கார்த்திகை மாதம், செவ்வாய் இரவு

எந்த வீடு வெள்ளத்தைத் தாங்கும் என்று சோதிக்க இன்று ஒரு பொறியியலாளர் வந்தார். எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"அத்திவாரம் நல்ல உயரம். சுத்திவர மதில். இது தாங்கும்."

"வீடு பாஸ், சேர். நான்தான் கணக்கிலை பெயில்" என்று பகிடி விட்டேன். அப்பாகூடச் சிரித்தார்.

அடுத்த வீட்டில் செல்வி மாமி அறைக்குள் நின்ற தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தார். "முந்தித் தண்ணி உங்கடை வளவாலை றோட்டுக்குப் போயிடும், தம்பி. நீங்கள் மண் போட்டு மதில் கட்டினாப் பிறகுதான் இப்பிடி" என்றார்.

மதிலில் ஓர் ஓட்டை விடுவோமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"உனக்கென்ன விசரே? பிறகு உந்தத் தண்ணியெல்லாம் எங்கடை வளவுக்கை வந்து நிக்கும்."

அதுவும் உண்மைதான். எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

மழை திரும்பவும் தொடங்கிவிட்டது. மாமி வீட்டில் கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்கிறது.