கிட்டப் பக்கம், எட்டப் பக்கம்

சேசு மரி சூசை

பெரம்பலூர்,
1946 அக்டோபர் 3

அன்புள்ள விண்ணரசிக்கு,

அம்மா எழுதுவது. உன் அப்பாவின் இடது கைக் கட்டைவிரல் நகம் ஒன்றைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சர்வேசுரன் கிருபையால் நலமாக இருக்கிறது. ஜபல்பூரில் நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் கடிதத்தைவிட அதனோடு அனுப்பிய புகைப்படம் சரியாகச் சொல்லிவிட்டது. இளைத்திருக்கிறாய். முடியை வெட்டிக்கொண்டதைப் பற்றி நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டாளத்துப் பெண்கள் பிரிவைக் கலைக்கப் போகிறார்கள், டிசம்பருக்குள் விடுவித்துவிடுவார்கள், ஊருக்கு வருவதா அல்லது அங்கேயே ஆஸ்பத்திரி வண்டி ஓட்டும் வேலையை ஒப்புக்கொள்வதா என்று கேட்டிருந்தாய். அப்பா தம் கையால் ஒரு வரி எழுதினால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைச் சேர்த்து அனுப்பலாம் என்றுதான் இரண்டு வாரமாகப் பதில் போடாமல் இருந்தேன். வரி வரவில்லை. "லாரி ஓட்டுற பொண்ணு என் வூட்டுல பொறக்கலன்னு நெனச்சுக்கறேன்" என்று மூன்று வருஷத்துக்கு முன் சொன்ன மனிதர், இன்றைக்கும் உன் கடிதம் வரும் நாளில் தபால்காரரிடம் அவர் வீட்டு மாடு கன்று வரைக்கும் விசாரித்துவிட்டு, என்னிடம் வந்து "தபால் வந்துச்சா" என்கிறார். வந்தது என்றால் "ம்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிறார். அந்த "ம்"மை ஒரு வரியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று நீயே யோசித்துக்கொள்.

கொட்டகை என்று எழுதிவிட்டேன், அதை இப்போது மோட்டார் ஷெட் என்றுதான் சொல்ல வேண்டுமாம். ஆடி மாதத்தில் கீழப்பழுவூருக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர் ஒரு காரோடு திரும்பி வந்தார். காலமான காண்டிராக்டர் ஞானமுத்து இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய சீமை வண்டி. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வைக்கோல்போருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்களாம், அதற்கப்புறம் கோழிகளைத் தவிர யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்சீட்டில் பதினொரு குஞ்சு பொரித்தது என்று ஞானமுத்துவின் மனைவி வண்டியின் சிறப்பாக எடுத்துச் சொல்லி, இடத்தை அடைக்கிற சனியன் ஒழிந்தால் போதும் என்று இவர் கையில் சும்மாவே கொடுத்துவிட்டாள். அய்யம்பெருமாளின் காளைகள் இரண்டைப் பூட்டி அரியலூர் வழியாக இரண்டு நாள் இழுத்து வந்தார்கள். அவ்வளவு தூரமும் உன் அப்பா உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே வந்தார். காளை போகிற பக்கம் வண்டி போகப் போகிறது, நீங்கள் எதற்குப் பிடிக்க வேண்டும் என்று கேட்டதற்கு "ஒரு ஒழுங்கு வேணாமா" என்றார். அரியலூர்க் கடைத்தெருவில் ஒருவன் "என்னங்க சார், பெட்ரோல் பங்க்ல புல்லு போடறாங்களா?" என்று கேட்டானாம். அவன்மேல் நானும் சேர்ந்து கோபப்படுவேன் என்று நம்பி அதை அவரே வந்து சொன்னார். நான் அவனை மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

பசு முருங்கைமரத்தடிக்குப் போயிற்று, கார் கொட்டகைக்குள் இடது பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் கோப்புகளுக்கு நாடா கட்டியதைத் தவிர வேறொன்றையும் முடுக்கி அறியாத கை, திடீரென்று ஸ்பானர் பிடித்தது. துணைக்குக் கொல்லுப்பட்டறை அமிர்தலிங்கம். கலப்பைக்குக் கொழு அடிக்கிறவர் சீமை எஞ்சினை எப்படிப் பிரிப்பார் என்று நான் கேட்டேன். பிரித்துவிட்டார். ஒவ்வொரு உறுப்பையும் மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கில் வரிசையாகப் பரப்பி, எது எங்கிருந்து வந்தது என்று சுண்ணாம்பால் குறி போட்டார். மறுநாள் உன் அப்பா ஒழுங்கு வேணாமா என்று எல்லாவற்றையும் மறுபடி துடைத்து வைத்தார், சுண்ணாம்புக் குறியோடு சேர்த்து. அதன் பிறகுதான் வண்டியோடு வந்த புத்தகம் வேண்டியிருந்தது. முதல் பதினாறு பக்கம் கரையான் தின்றது போக மிச்சம். உன் அப்பாவுக்கு ஆபீஸ் கடிதம்போல "ஐ ஹாவ் த ஆனர் டு பி" என்று முடியாத இங்கிலீஷ் எதுவும் புரியாது என்பது உனக்குத் தெரியும். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு "இது வேற இங்கிலீஷ்" என்று என்னிடம் கொண்டுவந்தார். மதராசில் நான் படித்த பி.ஏ.வுக்கு இந்த ஊரில் இப்படி ஒரு உபயோகம் வந்தது. சாயங்காலம் தோறும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் படித்துத் தமிழில் சொல்வேன், அமிர்தலிங்கம் மாட்டுவார், உன் அப்பா நடுவில் நின்று இருவருக்கும் இடைஞ்சல் செய்வார்.

முன்சக்கரங்கள் மாட்டும் குடங்கள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் மரை வலம் சுற்றினால் இறுகும், மற்றதன் மரை இடம் சுற்றினால் இறுகும். இது நியர் சைடு, இது ஆஃப் சைடு என்று புத்தகம் சொன்னது. கிட்டப் பக்கம், எட்டப் பக்கம் என்று நான் சொன்னேன். வண்டி இடது சுவரோடு ஒட்டி நின்றதால் நாங்கள் எல்லோரும் வலது பக்கம்தான் நின்றோம், ஆகவே கிட்டப் பக்கம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அமிர்தலிங்கம் மாட்டிவிட்டு விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "டீச்சரம்மா, இது ஓட ஓட கழண்டுக்குமே" என்றார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். "புஸ்தகத்துல இருந்தா சரிங்க" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

வண்டி சேர்ந்தது. எஞ்சின் இருமியது, கோழிச் சிறகு கலந்த புகையாகத் துப்பியது, பிறகு ஓடியது. நான் எதிர்பார்க்கவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். பெட்ரோல் கூப்பனுக்கு மனு எழுதக் காகிதத்தோடு வந்தார். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதட்டும் என்றேன். "அரியலூர் ஸ்டேஷன்லேர்ந்து ஒருத்தர அழைச்சிட்டு வரணும்னு எழுது" என்றார். யாரை என்றேன். "ஒருத்தரன்னு போடு, போதும்." ஆணா பெண்ணா, இங்கிலீஷில் அது தெரிய வேண்டும் என்றேன். தெரிய வேண்டியதில்லைதான். அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டு "பர்சன்னு போடேன்" என்றார். சரி, உங்களுக்கும் ஓட்டத் தெரியாது, எனக்கும் தெரியாது, ஸ்டேஷனுக்கு யார் ஓட்டிப் போவது என்று கேட்டேன். "போறதுக்குச் செல்லதுரை இருக்கான்" என்றார். செல்லதுரை அரியலூர் பஸ் ஓட்டுகிறவன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அவன் அங்கேயே இறங்கிக்கொண்டால் திரும்பி வருவது எப்படி என்றேன். கந்தலை எடுத்துக்கொண்டு போய் ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நம் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை, செல்லதுரைக்கு லீவு. அவன் ஓட்ட, உன் அப்பா பக்கத்தில் தலைப்பாகை கட்டி உட்கார, வண்டி தெருவில் இறங்கிற்று. அரியலூர் ரோட்டில் கால் பர்லாங்கு போயிருக்கும். இடது முன்சக்கரம் தனியாகக் கழன்று வண்டியை முந்திக்கொண்டு ஓடி, முத்தாயி ரோட்டோரம் காயப்போட்டிருந்த கடலைக்காயில் படுத்துக்கொண்டது. வண்டி, பூசையில் ஒற்றை முழங்கால் போடுகிறவனைப்போல் ஒரு பக்கம் மண்டியிட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை, தூக்கி நிறுத்தும்போது இவருக்கு நகம் போனதோடு சரி. முத்தாயி சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு "வண்டி வரதுக்கு முந்தி சக்கரத்த அனுப்பிச் சேதி சொல்லுதே, ரொம்ப மரியாதப்பட்ட வண்டிதாங்க சார்" என்றாள். ஊர் அதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. உன் அப்பா அத்தனை பேர் நடுவில் அமிர்தலிங்கத்தைப் பார்த்து "கொல்லன நம்பினேன் பாரு" என்று சொல்லிவிட்டார். நான் அதோடு விடவில்லை. கலப்பையும் காரும் ஒன்று என்று நினைத்தாயா என்று, என்னைவிட மூத்தவரை ஒருமையில் கேட்டேன். அவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து வரவில்லை. உன் அப்பாவும் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. வண்டியின் மேல் சாக்கைப் போட்டு மூடியாயிற்று. கூப்பனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார். உன் அடுத்த கடிதம் வந்த அன்று "ம்" கூடச் சொல்லவில்லை.

எனக்கு மட்டும் அந்த மரை மனத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. பயிற்சிக் காலத்தில் நீ சக்கரம் கழற்றுவது பற்றி ஏதோ எழுதிய ஞாபகம் வந்து பழைய கட்டைப் பிரித்தேன். 1943 நவம்பர் கடிதம், மூன்றாம் பக்கம். நியர் சைடு விளக்கைத் துடை என்று சார்ஜெண்ட் சொன்னாராம், நீ உனக்குக் கிட்ட இருந்ததைத் துடைத்தாயாம், எல்லோரும் சிரித்தார்களாம், நீ எங்கே நின்றாலும் நியர் சைடு என்றால் வண்டியின் இடது பக்கம், ரோட்டோரத்துப் பக்கம்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம், ராத்திரி அழுதாயாம். இதற்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தேன். இருட்டியபின் வெளியே போகாதே, கம்பளி வாங்கிக்கொள் என்று இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். மற்றவர்கள் கடிதங்களில் எழுத்துப்பிழை வரைக்கும் பார்க்கிறவள் நான். என் மகள் அழுத வரியை என் கண் தாண்டிப் போயிருக்கிறது.

மறுநாள் காலைப் பூசை முடிந்து நேரே பட்டறைக்குப் போய் அமிர்தலிங்கத்திடம் தப்பு உங்கள்மேல் இல்லை, என்மேல்தான் என்று சொன்னேன். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். "அப்ப இதுக்குப் பிரம்படி வாங்க யாரு டீச்சரம்மா கைய நீட்டறது, நானா நீங்களா?" என்றார். உன் அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், பதினைந்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "நான் வாயத் தொறக்கலீங்க, ஆனா சாருதான் என்னைக் கூப்புட வரணும்" என்றார். நியாயம்தான்.

ஆகையால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுதாதே, அப்பாவுக்கு எழுது. வரட்டுமா, வேண்டாமா என்று எதுவும் கேட்காதே. சக்கரம் கழன்ற விஷயம் அம்மா எழுதினாள், குடங்கள் இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறது, அம்மாவுக்கு நியர் சைடு என்றால் என்ன என்று தெரியவில்லை, அமிர்தலிங்கம் சொன்னதுதான் சரி என்று பச்சையாக எழுது. எனக்காக மழுப்பாதே. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் என் இங்கிலீஷில் ஒரு பிழைகூட அவர் கைக்கு அகப்பட்டதில்லை. இப்போது கிடைத்தால் என்னிடம் சொல்லிக்காட்டுவதோடு அவரால் நிறுத்திக்கொள்ள முடியாது. கொண்டாட ஆள் வேண்டும், இந்த ஊரில் அதன் அருமை தெரிந்தவர் யாரும் இல்லை. உனக்குத்தான் எழுதுவார். ஒரு வரி என்ன, இரண்டு பக்கம் எழுதுவார். அதில் நான் என்ன பாடு படுவேன் என்று எனக்குத் தெரியும், படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடு. நீ அப்பா கையெழுத்தில் ஒரு வரி வேண்டும் என்றுதான் எழுதினாயே தவிர, எதைப் பற்றிய வரி என்று எழுதவில்லை.

ஞாயிறு பூசையைத் தவற விடாதே. குளிர் தொடங்கும் முன் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொள். தேவமாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாளாக. மேல்விலாசத்தில் அவர் பெயருக்குப் பின்னால் ரிடையர்டு ஹெட் கிளார்க் என்று மறக்காமல் போடு, இல்லாவிட்டால் உறையைப் பிரிப்பதற்கு முன்பே கோபம் வந்துவிடும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா,
மார்த்தாள்