துருவத்தில் நான் பார்த்தது

மாசி 12, வியாழன் இரவு

இன்று முதியோர் எழுத்து வகுப்பில் முதல்முறையாக ஒரு கதையை முழுதாக நானே வாசித்தேன். வடதுருவத்துக்குப் போனதாகச் சொன்ன ஒருவரின் கதை. அவர் உண்மையில் போனாரா என்று இன்னும் சண்டையாம்.

"உங்களை மாதிரித்தான், அண்ணை. ஆதாரம் இல்லை," என்று மில்லிக்கன் பகுதியிலிருந்து வகுப்புக்கு வரும் செல்வம் சிரித்தான். நான் பனியுடைக்கும் கப்பலில் சமையல்காரனாகத் துருவம் வரை போனதை இங்கே ஒருவரும் நம்புவதில்லை.

"போனனான்தான். துருவம் வந்திட்டுது எண்டு கப்பல் சங்கு ஊதேக்கை ரொட்டிக்கு மாக் குழைச்சுக்கொண்டு நிண்டனான். மாக் கையோட மேல ஓடிப்போய்ப் பார்த்தன்."

"என்ன கண்டனீங்கள்?"

"முதல்நாள் கண்ட அதே பனிதான்."

வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். வீட்டுக்கு வந்து அனைத்தையும் என் கையாலேயே எழுதிவிட்டேன், ஒரு முழுப் பக்கம்! கரடி எதையும் சேர்க்கவில்லை. பொய்க்காரன் என்றால் சேர்த்திருப்பான்.