ஒன்பதாம் எண் அறையும் பதினொன்றாம் கேள்வியும்

பிப்ரவரி 4

அன்புள்ள துபாஷி அம்மாளுக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி. தபால்தலைக்காவது மரியாதை வேண்டாமா?

செய்தி எனக்கு முன்னாலேயே உன் காதுக்கு வந்திருக்கும். நம் நாடு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தில் மறுபடி சேர்ந்துவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன் உங்கள் சர்வதேச அமைப்பைப் பெட்டி படுக்கையோடு துரத்திய அதே அரசாங்கம், இப்போது "எப்ப வர்றீங்க, என்ன சாப்பிடுவீங்க" என்று விசாரிக்கிறது. கோபித்துக்கொண்டு போன சம்பந்தியை அழைக்கிற மாதிரி!

என் கிடங்கில் கல்யாணக் களை கட்டிவிட்டது. கண்ணிவெடிகளை எல்லாம் அழித்துவிட்டுக் கட்டடத்தையும் இடிக்கப் போகிறார்கள். ஆனால் அதற்கு முன் சுவருக்கு பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார் தளபதி. "இடிக்கிற சுவருக்கு எதுக்கு சார் பெயிண்டு?" என்றேன். "வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றார்.

நேற்று ஒத்திகை. சோதனை அதிகாரியாக நடித்தவர் கேண்டீன் மாஸ்டர். கோட்டு மாட்டியதும் மனுஷனுக்கு நிஜமாகவே அதிகாரம் வந்துவிட்டது. விரலை நீட்டி, "அந்தக் கதவைத் திறய்யா!" என்று ஒரு அதட்டல். எந்தக் கதவு தெரியுமா? ஒன்பதாம் எண். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத்தான் வரவில்லை.

போனில் பேசினால் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறி மிதிப்போம். அதனால்தான் கடிதம். வருகிற குழுவில் நீ உண்டா?

இப்படிக்கு,
சாவிக்கொத்து


பிப்ரவரி 19

கிடங்கு அதிகாரி அவர்களுக்கு,

கிழிக்கவில்லை.

ஒன்பதாம் எண் அறையைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வராமல் போனது நல்ல செய்திதான். ஏழு வருஷம் தாமதம், அவ்வளவே. "கிடங்கில் உள்ளவை எட்டு அறைகள்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். அதைச் சோதனைக்காரர்கள் முன்னால் மொழிபெயர்த்துப் படித்தவள் நான். அதற்கு முந்தின வாரம்தான் அந்த ஒன்பதாம் அறை வாசலில் நின்று உங்கள் கையில் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்திருந்தேன். உங்கள் பொய்யை என் வாயால் சொல்ல வைத்தீர்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது என் தப்பு. அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

அமைப்பு வெளியேறியபோது நானும் கிளம்பினேன். "யாரோட போற?" என்று கேட்டீர்கள். "உண்மையோட" என்று சினிமா வசனம் பேசினேன். விமானம் கிளம்பியதும் எனக்கே சிரிப்பாக வந்தது. சிரிப்பு மட்டும் அல்ல.

குழுவில் நான் உண்டு. ஏப்ரலில் வருகிறோம். வேலையாக மட்டும்.

மொழிபெயர்ப்பாளர்


மார்ச் 7

அன்புள்ள துபாஷிக்கு,

ஏப்ரல்! படித்த கையோடு வீட்டுக்கு ஓடி ஒட்டடை அடித்தேன். அதே வேகத்தில் தலைக்கு மையும் அடித்தேன். முடி பாதி கருத்தது, காது முழுசும் கருத்தது. தளபதி என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சுவத்துக்குத்தானேய்யா பெயிண்ட் அடிக்கச் சொன்னேன்?" என்றார்.

சங்கதி அதுவல்ல. உங்கள் அமைப்பிலிருந்து படிவம் வந்திருக்கிறது. ஒன்பதாம் அறையை வரைபடத்தில் போட்டுவிட்டேன். உள்ளே இருக்கிற கண்ணிவெடிப் பெட்டிகளையும் எழுதிவிட்டேன். பேனா மக்கர் பண்ணுவது பதினொன்றாம் கேள்வியில்: "சோதனைக் குழுவில் உங்களுக்கு உறவினர் உண்டா? உண்டெனில் உறவு என்ன? அதன் தற்போதைய நிலை என்ன?" உண்டு என்று எழுதினால் அந்த ஆளைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்களாம்.

தளபதி சொல்கிறார்: "ஏழு வருஷமா ஒரு வாய் காப்பி போட்டுத் தராதவங்க என்னய்யா உறவு? இல்லைன்னு எழுதிட்டுப் போ." மனுஷன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். காப்பி போட்டது எப்போதும் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

என்ன எழுதட்டும்?

சாவிக்கொத்து


மார்ச் 18

உங்களுக்கு,

"இல்லை" என்று எழுதுங்கள். என் படிவத்திலும் அதே கேள்வி இருக்கிறது. உங்கள் பதில் வந்ததும் அதையே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஏழு வருஷம் ஒரு கூரையின் கீழ் இல்லாதவர்களை வேறு என்னவென்று சொல்வது? யோசித்துப் பார்த்தால் பொய்கூட இல்லை.

அந்தக் கதவு திறக்கும்போது நான் அங்கே நிற்க வேண்டும். எட்டு என்று சொன்ன இதே வாய், அதே இடத்தில், ஒன்பது என்று சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இந்தக் குழுவில் இடம் கேட்டு நாயாய் அலைந்தேன். தயவுசெய்து கெட்டிக்காரத்தனம் எதுவும் பண்ணாதீர்கள்.

மையைக் கழுவிவிடுங்கள். நரைத்திருந்தால்தான் என்ன, எனக்கு மட்டும் வயசு ஆகவில்லையா?

நான்


மார்ச் 29

அன்புள்ளவளே,

பண்ணிவிட்டேன். மன்னித்துக்கொள்.

உறவினர் உண்டு. உறவு: மனைவி. தற்போதைய நிலை: அமலில் உள்ளது.

தளபதி தலையில் அடித்துக்கொண்டார். "ஒப்பந்தமும் பொண்டாட்டியும் ஒண்ணாய்யா? அமலில் உள்ளதாம்!" எனக்கு வேறு வார்த்தை தோன்றவில்லை. இருபத்தாறு வருஷம் சர்க்கார் காகிதத்தையே மேய்ந்த மாடு வேறு எப்படிக் கத்தும்?

ஏழு வருஷத்துக்கு முன் எழுதியது பொய், எழுதியவன் நான் என்றும் அடியில் சேர்த்துவிட்டேன். மேலிடத்திலிருந்து ஓலை வரலாம். வரட்டும்.

நீ எதற்காக வர நினைத்தாய் என்று தெரிந்தே இதைச் செய்தேன். அதுதான் உறுத்துகிறது. ஆனால் இருந்த அறையை இல்லை என்று எழுதித்தான் உன்னைத் தொலைத்தேன். இருக்கிற பெண்டாட்டியையும் இல்லை என்று எழுதிவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு உன் எதிரில் வந்து நிற்பேன்?

திட்டு. நாலு பக்கத்துக்குக் குறையாமல் திட்டு.

உன்
கணவன்


ஏப்ரல் 11

என் வீட்டுக்காரருக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். முதல் பக்கம் பிரமாதமாக வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன், நேரில் படித்துக் காட்டுகிறேன்.

உங்கள் படிவம் வந்ததும் குழுத் தலைவி அதை என் கையிலேயே கொடுத்து, "படியுங்கள்" என்றார். மேஜையைச் சுற்றிப் பதினான்கு பேர். ஒன்பது அறைகள் என்று படித்தேன். குரல் கணீரென்றுதான் இருந்தது. அடியில் நீங்கள் சேர்த்ததையும் படித்துவிட்டு, "அன்றைக்கே இது எனக்கும் தெரியும்" என்றேன். விசாரணை இருக்கும் என்றார்கள். சரி என்றேன். ஏழு வருஷமாகத் தொண்டையில் நின்ற முள் இறங்கிப் போனது. அதற்கு உங்கள் கிடங்கு வரைக்கும் வரத் தேவையில்லாமல் போய்விட்டது.

கடைசியில்தான் பதினொன்றாம் கேள்வியைப் படித்தேன். "அமலில் உள்ளது" என்ற இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தத் தகவலை உறுதி செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும்" என்றேன். அந்த நிமிஷமே என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

எனக்குப் பதிலாக வருபவர் நம் மொழியைப் புத்தகத்தில் படித்தவர். அவரிடம் உங்கள் பழமொழிகளை அவிழ்த்துவிடாதீர்கள், பாவம்.

எனக்கு ஐம்பத்திரண்டு நாள் விடுப்பு பாக்கி இருக்கிறது. விசாரணை ஜூனில்தான். சோதனைக் குழு என்றால் பதினைந்து நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். மனைவிக்கு அப்படி ஒரு விதி கிடையாது. அதனால் என்றைக்கு வருவேன் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள்
பெண்டாட்டி