என் ஐடியில் நீ ஓட்டிய ஜாப்

இன்று காலை திரையில் அதே செய்தி வந்தது. கணினியில் புரோகிராம்கள் இருக்கும் லைப்ரரியில் இடம் போதவில்லை, பராமரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பெரிதாக இன்னொரு லைப்ரரி உருவாக்கி நகல் ஓட விட்டிருக்கிறேன். முடிய மூன்று மணி நேரமாகும். அதுவரை உனக்கு எழுதுகிறேன். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். ஆத்திரம்தான் வருகிறது.

செங்கம் சாலையில், கம்பெனி வேலையைப் பார்க்க நாம் வாடகைக்கு எடுத்த மாடி அறை. ஒரே கல்லூரியில் படித்தோம், ஒரே வேலையில் சேர்ந்தோம். வெளிநாட்டு மருத்துவமனைகளின் மெயின்பிரேம் கணினிகளை இங்கிருந்தே பார்த்துக்கொண்டோம். அந்தப் பௌர்ணமி ஞாயிறு, மென்பொருளுக்குத் திருத்தங்கள் போடும்போது இதேபோல லைப்ரரி நிறைந்துவிட்டது. பழையதையே அமுக்கி இடம் பிடிக்கலாம் என்றாய் நீ.

"வேணாம்டா. அதுலேர்ந்துதான் எல்லா புரோகிராமும் ஓடிட்டிருக்கு. உள்ள இருக்கறது இடம் மாறினா மொத்தமும் விழுந்துடும்."

"பத்து நிமிஷ வேல. நீ ரொம்ப ஜாஸ்தி பயப்படற."

"கை வெக்காத. கீழ போய்ட்டு வந்து நானே பெரிய லைப்ரரி போட்டு அதுல நகல் எடுக்கறேன்."

தெருமுனையில் காத்திருந்த அப்பாவிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்க இறங்கினேன். திரையைப் பூட்டாமல் போனது என் தவறு, மறுக்கவில்லை. கிரிவலக் கூட்டத்தில் நீந்தித் திரும்ப அரைமணி ஆனது. என் நாற்காலியில் நீ இருந்தாய். என் ஐடியிலேயே அந்த அமுக்கும் ஜாபை ஓட்டிவிட்டிருந்தாய். அன்று முழுக்க அந்த மருத்துவமனைகளில் ஒரு நோயாளியின் பதிவைக்கூடத் திறக்க முடியவில்லை.

மறுநாள் ஸ்பீக்கர் போனில் மேலாளர் கேட்டார். "ஓட்டினது இவன்தான் சார்" என்றேன், உன் முன்னாலேயே.

நீ தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாய்: "எனக்குத் தெரியாது சார். நான் டீ குடிக்கப் போயிருந்தேன்."

பதிவில் இருந்தது என் ஐடிதான். என் வேலை போனது. நீ டீம் லீட் ஆனாய். மறுபடி ஒரு வேலை கிடைக்கும்வரை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு கடையில் மனு டைப் அடித்தேன். ஒருநாள் நீ அங்கே ஜெராக்ஸ் எடுக்க வந்தாய். என்னைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாய். அந்த முதுகை நான் இன்னும் வெறுக்கிறேன்.

மாரடைப்பு என்றார்கள். அம்மா வற்புறுத்தியதால் காரியத்துக்கு வந்தேன். வந்தவர்களெல்லாம் உன்னை நல்ல மனுஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களப் பத்தி பேசுவாருங்க. 'அவ எங்கிட்ட பேசமாட்டா'ன்னு சொல்வாரு. ஏன்னு கேட்டா எழுந்து போயிடுவாரு. நீங்களாச்சும் சொல்லுங்க, என்னதான் ஆச்சு?"

எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அவள் மடியில் உன் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க. தப்பு எம்மேலதான்" என்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவளுக்காகச் சொன்னேன், உனக்காக இல்லை. முதல் முறை உன் பொய்யை நீ என் தலையில் கட்டினாய். இந்த முறை நானே வாங்கிக்கொண்டேன். இப்போது உன் வீட்டிலும் தப்பு என்னுடையது என்றுதான் நம்புகிறார்கள். நடந்தது தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான்.