பொருத்தியவன் கையில் முதல் குண்டு

இன்று காலை விளக்கை ஏற்றி அதன் புகையில் ஒரு துப்பாக்கிப் பேரலைக் காட்டியபோது கரி வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன் நினைவு வந்தது என்று எழுதினால் பொய். நீ போய்ச் சேர்ந்து ஒன்பது மாதமாகிறது. இந்த மேசைக்கு நான் எப்போது வந்தாலும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறாய். இன்று கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாய், அவ்வளவுதான்.

பழைய கைத்துப்பாக்கி. வெடித்ததும் மேலே இருக்கும் ஸ்லைடு தானாகவே பின்னால் போய் அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் வகை. பேரல் தேய்ந்துபோய்ப் புதியது வந்திருக்கிறது. வாங்கிய கையோடு மாட்டிவிடலாம் என்று கொண்டுவருகிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி உட்காராது. கரி பூசி, மாட்டிப் பார்த்து, கரி உரசிப்போன இடத்தில் மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி கரி. நாற்பது தடவையானாலும் உனக்கு அலுக்காது. எனக்குப் பத்தாவது தடவையிலேயே டீ குடிக்கத் தோன்றும்.

தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு ஊரிகம் ஸ்டேஷனில் ஒன்றாக ரயிலேறி பெங்களூரு வந்து, லைசென்ஸ் உள்ள இந்தத் துப்பாக்கிக் கடையில் சேர்ந்தோம். தினமும் ரயிலில்தான் போய்வந்தோம். நம் சுரங்க ஒர்க்ஷாப் வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தாய். சுரங்க ஷாஃப்டில் ஆட்களை இறக்கும் கேஜ் தொங்கும் கயிற்றை எவன் மாற்றினானோ, முதல் கேஜில் அவன்தான் இறங்க வேண்டும். இங்கே, பேரலைப் பொருத்தியவன்தான் பின்கட்டு மணல் பெட்டியில் முதல் குண்டைச் சுட வேண்டும். முதலாளி இதைக் கேட்டுச் சிரித்தார். அப்புறம் அவரே வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

உன் மகள் சர்ச்சில் புதுநன்மை வாங்குவதற்காக நீ இரண்டு நாள் லீவு போட்டாயே, அந்த வாரம். போட்டிகளில் சுடும் ஒரு அம்மாவின் துப்பாக்கி, அவர் அப்பா வைத்திருந்தது, என் மேசையில் இருந்தது. அரத்தை ஒரு இழுப்பு அதிகம் இழுத்துவிட்டேன். எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. வேறு பேரல் வர மாதக்கணக்காகும், அந்த அம்மாவுக்குப் போட்டி நெருங்கிவிட்டது, எனக்கு மானம் போகும். சின்னச் சுத்தியலை எடுத்து ஓரத்தைத் தட்டி உப்ப வைத்தேன். கச்சிதமாக இறுகியது. தட்டிய தடம் தெரியாமல் தேய்த்தும் விட்டேன்.

நீ திரும்பி வந்தபோது நான் மணல் பெட்டி முன்னால் நின்றிருந்தேன். முதல் குண்டு என் கையில்தானே, போனால் என் விரல் போகட்டும் என்று ஒரு வீராப்பு. ஸ்லைடை இழுத்து விட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நீ அந்தச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாய்.

“இரு.”

வந்து வாங்கினாய். குண்டை எடுத்து வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை ஸ்லைடை விட்டுப் பார்த்தாய்.

“பேரலு நிக்கலடா இது. நிக்கிற மாதிரி நடிக்குது. இன்னா பண்ண?”

என் கண்ணுக்கே தெரியாமல் நான் மறைத்ததை, வாசலில் நின்ற உன் காது கண்டுபிடித்துவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் சிலிர்க்கிறது. ஆனாலும் விடாமல் சொன்னேன்: “நான்தானே சுடப்போறேன்? சுட்டா தெரிஞ்சிடும்.”

“மொத குண்டு தாங்கும்டா. அம்பதாவது குண்டு அந்தம்மா கையில. அப்போ யாரு கேஜ்ல இறங்குவா, நீயா?”

நீ முதலாளியிடம் போய்ச் சொல்லவில்லை. சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்வரை எதிரே உட்கார்ந்து உன் வேலையைப் பார்த்தாய். நாலு மணிக்கு நானே எழுந்து போய் முதலாளியிடம் சொன்னேன். மறுநாள் அந்த அம்மாவிடமும் சொன்னேன். அவர் அந்த வருடம் போட்டிக்குப் போக முடியவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

வேறு பேரல் வந்தது. நீ மூன்று நாள் உட்கார்ந்து பொருத்தினாய். மணல் பெட்டி முன்னால் போய் நின்று, துப்பாக்கியை என்னிடம் நீட்டினாய்.

“பொருத்துனது நீ. நான் எதுக்கு?”

“உன் கை பயப்படுதான்னு பாரு.”

சுட்டேன். பயப்படவில்லை. என் வேலையைச் சுடப்போனபோது உள்ளங்கையெல்லாம் வேர்த்திருந்தது. உன் வேலையைப் பிடித்தபோது குழந்தையைத் தூக்கியதுபோல் இருந்தது. இத்தனை வருடத்தில் கோயிலில்கூட எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை வந்ததில்லை. உன்னிடம் அதை ஒருநாளும் சொல்லவில்லை. ரயிலில் சீட்டு பிடிக்கிற சண்டையிலேயே நம் காலம் போய்விட்டது.

இன்றைக்குப் பொருத்தியதை மதியமே முடித்துவிட்டேன். பார்க்கக் குறையொன்றும் இல்லை. முதல் குண்டை ஏற்றுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்லைடை விட்டுப் பார்த்தேன். இன்னொரு தடவை விட்டேன். முதலாளி எட்டிப் பார்த்து, “ஆயித்தா?” என்று தன் கன்னடத்தில் கேட்டார்.

“இல்லீங்க. நடிக்குது.”

யாரும் தட்டவில்லை, யாரும் மறைக்கவில்லை. இன்னும் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். உன் காதில் பாதியாவது எனக்கு வந்திருக்கும்போல. கழற்றி மறுபடி விளக்கை ஏற்றிவிட்டேன். துப்பாக்கியின் சொந்தக்காரர் வெளியே காத்திருக்கிறார். காத்திருக்கட்டும்.